அரசு தரும் பயிற்சிப் பணம் யார் பெயரில் வருகிறது?

தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சிங்கப்பூரின் துவாஸில் சிறிய ஒப்பந்த நிறுவனம். கட்டடங்களுக்கு மின்சார, குளிர்சாதன வேலை. மொத்தம் பதினான்கு பேர். நீங்கள் எஸ் பாஸில், அதாவது நடுத்தரத் திறன் கொண்ட வெளிநாட்டு ஊழியருக்கான வேலை அனுமதியில், வந்து ஓர் ஆண்டு ஆகிறது. “நம் ஆட்களைப் பயிற்சிக்கு அனுப்பினால் அரசாங்கம் பணம் தருமாமே, நீ விசாரித்து ஏற்பாடு செய்” என்று முதலாளி பொறுப்பை உங்கள் தலையில் வைத்துவிட்டார். பயிற்சி நிலையத்தில் கேட்டால், நீங்கள் சொன்ன நான்கு பெயரில் இருவருக்குத்தான் சலுகை என்கிறார்கள். அந்த இருவரில் நீங்கள் இல்லை. “அப்படியென்றால் எனக்கும் வொர்க் பெர்மிட்டில் தொழிலாளியாக இருக்கும் அண்ணன்களுக்கும் வழியே இல்லையா அக்கா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவர்கள் சொன்னது சரிதான். ஆனால் வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். இந்த ஊரில் பயிற்சிப் பணம் பெரும்பாலும் முதலாளியின் பெயரில், நிறுவனத்தின் கணக்கு வழியாகவே நகர்கிறது. தொழிலாளி தனியாகப் போய்க் கேட்டுப் பெறுவது குறைவு. இது பிடிபட்டுவிட்டால் யாருக்கு எதைக் கேட்பது, முதலாளியிடம் எப்படிப் பேசுவது என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும். ஒரு சிறிய பொறியியல் நிறுவனத்தின் அலுவலகத்தில் பல ஆண்டுகளாக இந்தத் தாள்களைப் பார்த்துவருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில், பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். உங்கள் அலுவலகத்தில் மாதாமாதம் ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதிக்குப் பணம் கட்டும் பட்டியலை ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். அதில் திறன் மேம்பாட்டுத் தீர்வை என்று ஒரு பதிவு இருக்கும். ஒவ்வோர் ஊழியரின் மாதச் சம்பளத்திலும் 0.25 சதவீதத்தை நிறுவனம் தன் கையிலிருந்து கட்டுகிறது. ஒருவருக்குக் குறைந்தது 2 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதிகபட்சம் 11.25 வெள்ளி. வசூலிப்பது மத்திய சேம நிதிக் கழகம்; பணம் போய்ச் சேருவது ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர் என்ற அரசு அமைப்பிடம். 1979இல் இந்தத் தீர்வையைத் தொடங்கியபோது குறைந்த சம்பளக்காரர்களின் பெயரில் மட்டுமே வசூலித்தார்கள். மலிவான உழைப்பை நம்பித் தொழில் நடத்திய முதலாளிகளைத் திறன் பக்கம் தள்ளுவதே நோக்கம். 2008இலிருந்து எல்லா ஊழியர்களுக்கும் உண்டு. எல்லா ஊழியர்கள் என்றால் உங்களுக்கும், பெர்மிட்டில் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான்.

ஆக, உங்கள் பெயரிலும் தீர்வை கட்டப்படுகிறது. ஆனால் கட்டணச் சலுகை குடியுரிமை பெற்றவர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும், சில வகை நீண்டகால வருகை அனுமதி உள்ளவர்களுக்கும் மட்டுமே கிடைக்கிறது. இது எனக்கு இன்றைக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. தன் மக்களுக்கு முதலிடம் தர ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் யாருடைய உழைப்பின் மீது தீர்வை விழுகிறதோ அவருக்கும் அதில் ஒரு சிறு பங்காவது போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொன்றையும் இங்கேயே பிரித்துச் சொல்லிவிடுகிறேன், பலர் இதில்தான் குழம்புகிறார்கள். 25 வயதான குடிமக்களுக்கு 500 வெள்ளி, 40 வயதைத் தொட்டவர்களுக்கு 2024 மே மாதம் முதல் மேலும் 4,000 வெள்ளி என்று நீங்கள் கேள்விப்படுவது தனிநபர் கணக்கு. அது குடிமக்களின் சொந்தப் பணம் மாதிரி. நிரந்தரவாசிக்குக்கூட அது கிடையாது. அதில் முதலாளி கைவைக்கக் கூடாது. “உன் கணக்கில் இருக்கும் பணத்தை எடுத்து இந்தப் பயிற்சிக்குக் கட்டு” என்று உங்கள் முதலாளி அங்கே இருக்கும் சீனப் பெரியவரிடம் சொன்னால், நீங்கள் மரியாதையாகத் தடுத்துவிடுங்கள். சிறு, நடுத்தர நிறுவனச் சலுகை வேண்டுமானால் கட்டணம் முழுவதையும் நிறுவனமே ஏற்க வேண்டும் என்பதுதான் விதி.

இனிக் கணக்குக்கு வருவோம். டபிள்யூஎஸ்கியூ என்ற தேசியத் தகுதிச் சட்டகத்தின் கீழ் வரும் இரண்டு நாள் பயிற்சி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 மணி நேரம், கட்டணம் 800 வெள்ளி. இது நான் உதாரணத்துக்கு எடுத்த தொகை, பொருள் சேவை வரி தனி. அடிப்படைச் சலுகை பாதிக் கட்டணம். உங்கள் நிறுவனம் சிறு, நடுத்தர நிறுவனம் என்ற வரையறைக்குள் வந்தால் அது 70 சதவீதம் வரை உயரும். உள்ளூர்ப் பங்கு குறைந்தது 30 சதவீதம் இருக்க வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 100 மில்லியன் வெள்ளியைத் தாண்டாமலோ, ஆட்கள் 200 பேருக்கு மிகாமலோ இருக்க வேண்டும். பதினான்கு பேர் நிறுவனத்துக்கு இதில் சிக்கல் வராது. பங்கு விவரத்தை மட்டும் முதலாளியிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

குடியுரிமை உள்ளவருக்கு 560 வெள்ளி சலுகை போக நிறுவனம் கட்ட வேண்டியது 240. அந்த இரண்டு நாளும் அவருக்குச் சம்பளம் கொடுத்திருந்தால், வேலைக்கு வராத நேரத்துக்கான சம்பள உதவித்தொகையாக மணிக்கு 4.50 வெள்ளி திரும்பக் கிடைக்கும். 16 மணிக்கு 72 வெள்ளி. மிச்சம் 168. நிரந்தரவாசிக்கும் அதே கணக்குத்தான். உங்களுக்கும் பெர்மிட்டில் இருப்பவருக்கும் தலா 800, திரும்ப வருவது எதுவுமில்லை. நான்கு பேரையும் அனுப்பினால் மொத்தம் 1,936 வெள்ளி. இதில் 1,600 உங்கள் இருவருக்கானது. முதலாளியின் கண் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. இந்த விகிதங்கள் அவ்வப்போது மாறக்கூடியவை. பதிவுசெய்யும் நாளில் பயிற்சி நிலையத்திடமிருந்து சலுகை போக நிகரத் தொகையை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

நிறுவனங்களுக்கான தனி வரவுத் தொகை ஒன்றும் உண்டு. குறைந்தது மூன்று உள்ளூர் ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்குப் புதிதாக 10,000 வெள்ளி தரப்படும், 2026இன் பிற்பகுதியில் நடப்புக்கு வரும் என்று 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். உங்கள் நிறுவனம் அதற்குத் தகுதி பெறுகிறதா என்று நிறுவனக் கணக்கில் உள்நுழைந்து பாருங்கள்.

விண்ணப்ப வேலை நீங்கள் பயப்படும் அளவுக்குக் கடினமில்லை. நிறுவனங்கள் அரசு இணையச் சேவைகளுக்குள் நுழையும் கார்ப்பாஸில் முதலாளியோ இயக்குநரோ உங்களுக்கு அனுமதி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கட்டணச் சலுகையைப் பயிற்சி நிலையமே கழித்துக்கொண்டு மீதியை மட்டும் வசூலிக்கும். சம்பள உதவித்தொகைக்கு மட்டும் நிறுவனம் இணையத்தளத்தில் ஊழியரின் சம்பள விவரத்தைக் கொடுக்க வேண்டும். இதற்குக் காலக்கெடு உண்டு. சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பணத்தை இழக்கின்றன. பயிற்சி முடிந்த வாரமே உட்கார்ந்து முடித்துவிடுங்கள்.

வருகைப்பதிவு இதைவிட முக்கியம். 75 சதவீத நேரம் வகுப்பில் இருந்தாக வேண்டும். எல்லா மதிப்பீடுகளிலும் தேற வேண்டும். இல்லாவிட்டால் சலுகை போய்விடும், முழுக் கட்டணமும் நிறுவனத்தின் தலையில் விழும். காலையும் மாலையும் வகுப்பறைச் சுவரில் இருக்கும் க்யூஆர் குறியீட்டைத் தத்தம் கைப்பேசியில் சிங்பாஸ் என்ற தனிநபர் மின்னடையாளம் வழியாக வருடிப் பதிவுசெய்ய வேண்டும். “தளத்தில் அவசரம், மதியத்துக்கு மேல் ஆளை அனுப்பு” என்று முதலாளி பயிற்சியின் நடுவில் தொலைபேசியில் கூப்பிடுவார். இது எல்லாச் சிறு நிறுவனங்களிலும் நடக்கிறது. இரண்டு நாள் பயிற்சியில் ஒரு மதியம் போனாலே கால்வாசி போய்விட்டது. ஆகவே நாள் குறிக்கும் முன்பே தள மேலாளரிடம் பேசி, மாற்றாள் யார் என்று முடிவுசெய்துவிட்டுப் பதிவுசெய்யுங்கள்.

வராதவருக்காக வேறொருவர் பதிவது, போகாத பயிற்சிக்குப் பணம் கேட்பது, “உங்கள் ஆட்களின் பெயரை மட்டும் கொடுங்கள், உங்களுக்கும் ஒரு பங்கு தருகிறோம்” என்று வரும் அழைப்புகள் ஆகியவற்றின் பக்கமே போகாதீர்கள். 2017இல் ஒன்பது நிறுவனங்களின் பெயரில் ஒரு கும்பல் ஏறக்குறைய 40 மில்லியன் வெள்ளியைப் பொய்க் கணக்குக் காட்டிச் சுருட்டியது வெளிவந்தது. சிறைத் தண்டனை வரை போன வழக்கு அது. படிவத்தில் கையெழுத்திடுபவர் நீங்கள். பாஸும் போகும், பெயரும் போகும்.

நிறுவனத்துக்கு எந்தப் பயிற்சி என்ற கேள்விக்கு உங்கள் கடிதத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது: உயரத்தில் வேலை, குறுகிய இடத்தில் வேலை, நிறுவனத்தின் வேலையிடப் பாதுகாப்புக்குப் படிப்படியாகச் சான்று தரும் பிஸ்சேஃப். இவை வேண்டியவைதான். உயரத்தில் வேலை செய்பவருக்குப் பயிற்சி இருக்க வேண்டும் என்பது சட்டம். பிஸ்சேஃப் இல்லாமல் பல ஒப்பந்தங்களுக்கு விலைப்புள்ளி கொடுக்கவே முடியாது, அதன் முதல் படிக்கு உங்கள் முதலாளியே நேரில் போய் உட்கார வேண்டியிருக்கும். ஆனால் இவை உயிரைக் காக்கும் பயிற்சிகள். நேற்றுச் செய்யத் தெரியாத ஒரு வேலையை இன்று செய்யக் கற்றுத்தருபவை அல்ல. பல முதலாளிகள் பாதுகாப்புச் சான்றிதழ்களை எண்ணிவிட்டு, “நான் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டேன்” என்கிறார்கள். நீங்கள் இரண்டையும் தனித்தனிப் பட்டியலாக எழுதுங்கள். இரண்டாவது பட்டியலில் என்ன வரவேண்டும் என்பதற்கு ஒரே கேள்வி போதும்: கடந்த ஆண்டு எந்த வேலைக்கு வெளியாளைக் கூப்பிட்டுப் பணம் கொடுத்தீர்கள்? அந்த வேலையை உங்கள் ஆளே செய்யக் கற்றுக்கொண்டால் முதலாளி கட்டணத்தைப் பற்றி மறுபேச்சுப் பேச மாட்டார்.

எங்கள் இடத்தில் குளிர்சாதனப் பராமரிப்பில் நெடுங்காலம் இருக்கும் ஒரு மூத்த தொழிலாளி இருக்கிறார். குழாயில் கையை வைத்தாலே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். கட்டடக் கட்டுப்பாட்டு அமைப்பு எல்லாம் கணினித் திரைக்கு மாறியபோது அவரை ஒரு குறுகிய பயிற்சிக்கு அனுப்ப முடிவானது. அவர் பிடிவாதமாக மறுத்தார். வயதாகிவிட்டது, கண் தெரியவில்லை என்றெல்லாம் காரணம் சொன்னார். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு வேளையில் பயிற்சி விவரத்தாளை எடுத்துவந்து என் மேசையில் வைத்து, நுழைவுத் தகுதி என்று இருந்த வரியில் விரலை வைத்தார். ஆங்கில வாசிப்பு, எழுத்து இந்த நிலையில் இருக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. விரலை எடுக்காமல் அப்படியே நின்றார். அவருடைய பயம் இயந்திரத்தைப் பற்றியதே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

நான் பயிற்சி நிலையத்தைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். மதிப்பீட்டில் செய்முறைப் பகுதியும் வாய்மொழிக் கேள்விகளும் உண்டு, எழுத வேண்டியது கொஞ்சம்தான் என்றார்கள். முன்கூட்டியே சொன்னதால் பயிற்றுநர் அவரிடம் கேள்விகளை எளிய ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டார். போகும் முன் ஒரு வாரம், எங்கள் இளம் பொறியாளர் மாலையில் அரை மணி நேரம் அவருடன் உட்கார்ந்து, திரையில் வரும் சொற்களை ஒரு நோட்டில் எழுதி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் படம் போட்டுக் கொடுத்தார். முடிவில் ‘தேர்ச்சி’ என்று வந்தது. அந்த நோட்டை இப்போதும் தன் கருவிப் பெட்டியிலேயே வைத்திருக்கிறார். உங்கள் நிறுவனத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். யாராவது பயிற்சி வேண்டாம் என்றால், மற்றவர் முன்னால் காரணம் கேட்காதீர்கள். தனியாகக் கேளுங்கள். மொழி தடையாக இருந்தால், எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமென்றே தனிப் பயிற்சிகள் இருக்கின்றன; அதில் தொடங்கலாம்.

இனி உங்கள் கேள்வியின் கனமான பகுதி: பெர்மிட்டில் இருக்கும் அண்ணன்கள்.

அவர்களுக்குப் பயிற்சிச் சலுகை கிடையாது. ஆனால் முதலாளிக்கு லாபம் தரும் வேறொரு கணக்கு அவர்கள் பெயரில் இருக்கிறது. கட்டுமானத் துறைப் பெர்மிட்டில் இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளிக்கு நிறுவனம் மாதம்தோறும் வெளிநாட்டு ஊழியர் தீர்வை கட்டுகிறது. 2024 ஜனவரி முதல் அடிப்படைத் திறன் நிலையில் இருப்பவருக்கு 900 வெள்ளி, உயர்திறன் நிலையில் இருப்பவருக்கு 500 வெள்ளி. நம் ஆட்கள் பேச்சில் ஆர் டூ, ஆர் ஒன் என்பது இதைத்தான். ஒரே ஒருவர் ஆர் ஒன் ஆனால் மாதம் 400, ஆண்டுக்கு 4,800 வெள்ளி மிச்சம். மேலே 800 வெள்ளிக் கட்டணத்துக்கு முகம் சுளித்த முதலாளி இந்த எண்ணைப் பார்த்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். தவிர, கட்டுமானத் துறையில் ஒரு நிறுவனத்தின் பெர்மிட் ஊழியர்களில் குறைந்தது 10 சதவீதம் பேர் உயர்திறன் நிலையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது.

அந்த நிலைக்குப் போக ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகள் உண்டு. இரண்டு கைத்தொழில்களில் தேர்ச்சி காட்டும் பல்திறன் திட்டம் ஒன்று; அனுபவமுள்ள கட்டுமானத் தொழிலாளர்களுக்கான கோர்டிரேட் பதிவு மற்றொன்று. கட்டுமானத் துறையில் குறைந்தது ஆறு ஆண்டு அனுபவமும் மாதம் 1,600 வெள்ளி நிலையான சம்பளமும் இருந்தால் அந்த அடிப்படையிலேயே உயர்த்தும் வழியும் இருக்கிறது. ஆகவே முதலில் ஒவ்வொருவரின் பெர்மிட்டிலும் எந்தத் துறை என்று இருக்கிறது, எத்தனை ஆண்டு அனுபவம், அடிப்படைச் சம்பளம் என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். சிலருக்குப் பயிற்சியே தேவைப்படாது. சம்பளத்தைக் கொஞ்சம் உயர்த்தினாலே போதும். அந்த உயர்வு தீர்வை மிச்சத்துக்குள்ளேயே அடங்கிவிடலாம். அப்படி அடங்கும் இடத்தில், மிச்சம் முழுவதும் முதலாளியிடமே நின்றுவிடாமல் ஒரு பகுதி தொழிலாளியின் கைக்கும் போகும்படி நீங்கள் பேச வேண்டும். உங்களைத் தவிர அதைப் பேச அங்கே வேறு யாரும் இல்லை.

“இவன் கற்றுக்கொண்டு ஓடிவிடுவான்” என்பார் முதலாளி. 2025 ஜூலை வரை பெர்மிட் ஊழியர் இங்கே எத்தனை ஆண்டு வேலை செய்யலாம் என்பதற்கு உச்சவரம்பு இருந்தது. இப்போது அது எடுக்கப்பட்டுவிட்டது. நல்ல ஆள் நீண்டகாலம் இருக்கலாம். அவர் உங்களிடமே இருப்பதற்கு ஒரு காரணத்தைத் தாருங்கள் என்று சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் போனால், நம் பிள்ளைகள் கையில் கோப்போடு வகுப்புக்குப் போவதைப் பார்க்கலாம். வாரம் ஆறு நாள் வெயிலில் நின்றுவிட்டு ஏழாவது நாள் படிக்கப் போகிறார்கள். அந்த உழைப்பை நினைத்தால் எனக்குக் கண் நிறைகிறது. அதனாலேயே கண்டிப்பாகச் சொல்கிறேன்: சொந்தப் பணத்தைக் கட்டும் முன், அந்தச் சான்றிதழோடு எந்த வேலை, எந்தச் சம்பளம், யார் தரப்போகிறார் என்று கேட்கச் சொல்லுங்கள். எஸ் பாஸ் என்பது சம்பளத்தையும் தகுதியையும் நிறுவனத்தின் ஒதுக்கீட்டையும் பொறுத்தது. இந்தச் சான்றிதழ் வாங்கினால் எஸ் பாஸ் நிச்சயம் என்று யார் சொன்னாலும் அது பொய். ஊருக்கு அனுப்பும் பணத்தை நிறுத்திவிட்டு அந்தப் பேச்சை நம்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு? நீங்கள் இப்போது பார்க்கும் இந்த ஒருங்கிணைப்பு வேலையே உங்களுக்குச் சாதகம். உள்ளூர் ஆட்கள் இருவருக்கும் இந்த ஆண்டு கிடைக்கும் சலுகை எவ்வளவு, ஆர் ஒன்னுக்கு உயரக்கூடியவர்களால் மிச்சமாவது எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். கடைசி வரியில், உங்களுக்கு வேண்டிய பயிற்சியின் பெயர், முழுக் கட்டணம், அதனால் நிறுவனத்துக்கு வெளியாள் செலவு எவ்வளவு குறையும் என்று போடுங்கள். தனியாக 800 கேட்டால் செலவாகத் தெரியும். அந்தத் தாளின் அடியில் கேட்டால் முதலாளிக்கு அது சிறிய தொகை. பயிற்சிக்குப் பிறகு இவ்வளவு காலம் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் நீட்டினால், கால அளவையும், முன்னதாக விலகினால் திருப்பித் தர வேண்டிய தொகையையும் படித்துப் புரிந்துகொண்ட பிறகே கையெழுத்திடுங்கள். புரியாவிட்டால் வீட்டுக்கு எடுத்துவந்து யாரிடமாவது காட்டுங்கள்.

சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களில் எல்லாத் தளங்களிலும் வேலையை முடிக்கும் அவசரம் இருக்கும். அப்போது இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். விடுமுறை முடிந்து வேலை மெல்லத் தொடங்கும் நாள்களில் ஆளை விடுவிப்பதும் எளிது, முதலாளியும் காது கொடுத்துக் கேட்பார். அந்த ஒரு பக்கத் தாளை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள். எண்களைச் சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா